முதல் எதிரியின் வக்கீலே என் தம்பிக்கும் ஆஜராகிறேன் என்கிறார், ஒப்புக்கொள்ளலாமா?

மலர்விழி:

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர், பெயர் எதையும் எழுதவில்லை.

என் தம்பிக்கு 24 வயது. ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் காவல் வேலை. வாடிக்கையாளர்கள் அங்கே வைத்திருந்த மின்சாதனப் பெட்டிகள் ஒரு நாள் இரவில் காணாமல் போயின. இரண்டு பேரைக் கைது செய்தார்கள். முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆள், கிடங்கு முதலாளியின் மகன், அங்கே மேற்பார்வையாளர். இரண்டாம் எதிரி என் தம்பி. சாவி இந்த இரண்டு பேரிடம் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு மேற்பார்வையாளர் "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ" என்று சொன்னதால் தம்பி 10.40-க்கே கிளம்பி, கடைசிப் பேருந்தில் வந்துவிட்டான். நான்தான் கதவைத் திறந்தேன். பெட்டிகள் போனது நள்ளிரவுக்கு மேல் என்று குற்றப்பத்திரிகையே சொல்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே தாளில் ஜாமீன் உத்தரவு வந்தது. ஒரே தொகை, ஒரே நிபந்தனை. முதலாளியின் மகன் அன்று மாலையே வீட்டில். என் தம்பி 41 நாளாக உள்ளே. நாங்கள் கேட்ட ஜாமீன்தாரர்கள் யாருக்கும் அந்தத் தொகைக்குச் சொத்து இல்லை. அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். எத்தனை முறை படித்தாலும் அதில் எங்களுக்கு எதிராக ஒரு எழுத்துகூட இல்லை.

நீதிமன்றம் இலவசமாக ஒரு வக்கீலைக் கொடுத்திருக்கிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் 11 கேஸ் கட்டுகள் இருந்தன. தாழ்வாரத்தில் நின்றபடியே எங்களோடு பேசினார், நான்கு நிமிடம். தம்பியை முதலில் வேறு ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "குற்றத்தை ஒப்புக்கொண்டால் இதுவரை உள்ளே இருந்த நாட்களோடு முடிந்துவிட வாய்ப்பு உண்டு, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். தம்பி அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் முதல் எதிரியின் வக்கீல் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெரிய வக்கீல், நல்ல பெயர் உள்ளவர். "உங்கள் தம்பிக்கும் நானே ஆஜராகிறேன், கட்டணம் வேண்டாம், முதலாளி பார்த்துக்கொள்வார், ஜாமீனுக்கும் ஏற்பாடு செய்கிறோம்" என்றார். அம்மா கண்ணீர் விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சை முடிக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "அன்றைக்கு முன்னதாகக் கிளம்பிய விஷயத்தை இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம்."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள், சட்டம் தெரியாது. நான்கு நிமிடம் பேசும் இலவச வக்கீலா, எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்னும் இந்தப் பெரிய வக்கீலா? இலவச வக்கீலை வைத்து யாருக்காவது நியாயம் கிடைத்திருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.


பழைய வழக்காடி:

சகோதரி, ஒப்புக்கொள்ள வேண்டாம். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வேண்டாம்.

நான் 19 வருடமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். முதல் 8 வருடம் சட்ட உதவி வக்கீலாக இருந்தேன். அதனால் தாழ்வாரத்தில் நின்று நான்கு நிமிடம் பேசிய அந்த மனிதரையும் எனக்குத் தெரியும். நானே அவராக இருந்திருக்கிறேன்.

சாவி இரண்டு பேரிடம் என்றால், ஒருவருக்குச் சாதகமான எதுவும் மற்றவருக்குப் பாதகமாகத்தான் முடியும். உங்கள் தம்பியின் பலமே "மேற்பார்வையாளர் போகச் சொன்னார், நான் 10.40-க்குக் கிளம்பினேன்" என்பதுதான். அது நேராக முதல் எதிரியைக் கை காட்டுகிறது. முதல் எதிரியின் அப்பாவிடம் கட்டணம் வாங்குகிறவர் நீதிபதி முன்னால் அதை எப்படிச் சொல்வார்? மாட்டார் என்பதை அவரே உங்களிடம் சொல்லிவிட்டார். உங்களைத் தூங்கவிடாத வாக்கியம் அதுதான். உங்கள் மனம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

இது புதிதாக நடக்கிற விஷயமும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1981-ல் வுட் எதிர் ஜார்ஜியா என்று ஒரு வழக்கு. ஆபாசப் பொருள்கள் விநியோகித்த குற்றத்துக்கு மூன்று ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் வைத்தது முதலாளி. அபராதத்தையும் தானே கட்டுவதாகச் சொல்லியிருந்தார். கட்டவில்லை. ஊழியர்கள் சிறைக்குப் போகும் நிலை வந்தது. அந்த வக்கீல் யாருக்காக வாதாடினார், ஊழியர்களுக்கா, சம்பளம் கொடுத்த முதலாளிக்கா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ஒரே வக்கீல் முரண்படும் இரண்டு பேருக்கு ஆஜராகக் கூடாது என்பது வக்கீல் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: அந்த வக்கீல் சிறைக்கு வந்து பார்த்தாலும் வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அவரை வக்கீலாக அமர்த்தும் வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. சிறைத் தொலைபேசியில் நீங்கள் பேசும்போதும் வழக்கு விவரம் வேண்டாம். பல இடங்களில் அதைப் பதிவு செய்கிறார்கள்.

அடுத்து, இலவச வக்கீல். வசதியானவர்கள் காசு கொடுத்து வாங்குவது பெரிய சட்ட அறிவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் வாங்குவது நாட்களை. கைதான மறுநாளே ஓர் ஆள் போய்க் கேமராப் பதிவைக் கேட்கிறான். இன்னொரு ஆள் சாட்சியைப் பார்த்து, ஞாபகம் மங்குவதற்குள் எழுதி வாங்குகிறான். வக்கீல் கேஸ் கட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை படிக்கிறார். சட்ட உதவி வக்கீலும் அதே சட்டத்தைத்தான் படித்திருக்கிறார். கேஸ் கட்டைப் படிப்பதற்கு அவருக்கு மாலை நேரம் இல்லை, அவ்வளவுதான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சட்ட உதவியில் என் நான்காவது வருடம். ஒரு பெண்மேல் திருட்டு வழக்கு. மூன்று வாய்தா ஆகியும் நான் அந்தக் கட்டை முழுசாகப் படிக்கவில்லை. குறுக்கு விசாரணைக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மருத்துவமனைச் சீட்டின் நகல். திருட்டு நடந்த மணிக்கு அந்தப் பெண் பிரசவ வார்டில் இருந்திருக்கிறாள். போலீஸ் கட்டிலேயே இருந்த தாள் அது. விடுதலை கிடைத்தது. ஆனால் அதற்குள் ஏழு மாதம் கைக்குழந்தையோடு சிறையில் இருந்தாள். முதல் வாரமே நான் ஒன்பதாம் பக்கம் வரை படித்திருந்தால் அந்த ஏழு மாதம் இல்லை. வெளியே வந்ததும் அவள் எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

வக்கீல் என்ற பெயரில் ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. 1931-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் பொய்யான பாலியல் வன்முறைப் புகார். கைதாகி இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கிவிட்டது. யார் அவர்களுக்கு ஆஜராவது என்பது விசாரணை நாள் காலையில்தான் ஒருவாறு முடிவானது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களில் ஏழு பேரின் தண்டனையை ரத்து செய்தது. வழக்கைத் தயார் செய்ய நேரமே கொடுக்காமல் வக்கீலை நிறுத்துவது வக்கீல் கொடுத்ததாகவே ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, இலவச வக்கீலால் யாருக்காவது நியாயம் கிடைத்ததா என்று கேட்டீர்கள். கிளாரன்ஸ் கிடியன் என்று ஒருவர். 1961-ல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் உடைத்துப் புகுந்து திருடியதாக வழக்கு. கையில் காசு இல்லை, வக்கீல் கேட்டார், நீதிபதி மறுத்தார். தானே வாதாடித் தோற்று, ஐந்து வருடத் தண்டனை பெற்றார். சிறையில் உட்கார்ந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கடுமையான குற்றவழக்கில் வசதியற்றவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்றார்கள். எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்ததுதான். மறுவிசாரணைக்கு அதே வட்டாரத்து வக்கீல் ஒருவர் அமர்த்தப்பட்டார். இடத்தைத் தெரிந்தவர். முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிரித்துப் போட்டார். ஜூரி ஒரு மணி நேரம் போலத்தான் யோசித்தது. விடுதலை. அதே ஆள், அதே குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் இல்லாதது, தயாராகி வந்த ஒரு வக்கீல் மட்டும்தான்.

உங்கள் வக்கீலுக்கு இல்லாத நாட்களில் சிலவற்றை நீங்கள் கொடுக்க முடியும். தம்பி ஏறிய பேருந்து எது, கேமரா இருந்ததா, பயணச்சீட்டு அட்டையில் பதிவு உண்டா, நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கட்டடத்தில் கேமரா உண்டா? கேமராப் பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்து, மேலே புதியது ஏறிவிடும். 41 நாள் ஆகிவிட்டது. அதனால் நாளை வேண்டாம், இன்றைக்கே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தாலும் "அழிக்காமல் வைத்திருங்கள்" என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பதிவுகளை நீதிமன்றம் மூலம் வரவழைக்க வக்கீல் மனுப் போடலாம். அப்புறம், நடந்தது அனைத்தையும் தேதி, மணி போட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களால் முடியும். நான்கு நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அந்த நான்கு நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய தாள் அவர் கையில் இருக்கட்டும்.


செந்தில்:

நான் வேறு பக்கம். எங்கள் அண்ணன் வழக்குக்கு இருந்த நிலத்தை விற்றுப் பெயர் பெற்ற வக்கீலை வைத்தோம். முதல் வாய்தாவுக்கு மட்டும் அவர் வந்தார். அப்புறம் ஜூனியர், அதற்கப்புறம் அந்த ஜூனியரின் நண்பர். பாதி வழக்கில் பணம் தீர்ந்தது, அதோடு தொலைபேசியையும் எடுக்கவில்லை. கடைசியில் சட்ட உதவிக்குத்தான் போய் நின்றோம், கையில் நிலமும் இல்லாமல். கடைசிவரை கொடுக்க முடியாதவர்கள் பாதிவரை கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை அக்கா. கடன் வாங்கித் தனியார் வக்கீல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், எந்தெந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, நேரில் யார் வருவார் என்று எழுதி வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.


தேன்மொழி:

மலர்விழி, எனக்குக் கவலை அந்த ஒப்புதல் விஷயத்தில்தான்.

நான் சில வருடங்களாகச் சிறையில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரம் இரண்டு நாள். விசாரணைக் கைதிகளிடம் நான் அடிக்கடி கேட்ட சொல் "முடிஞ்சா போதும் டீச்சர்." செய்தார்களா இல்லையா என்ற பேச்சே இல்லை. முடிந்தால் போதும். வெளியே இருப்பவருக்கு "ஒப்புக்கொள்கிறாயா?" என்பது குற்றத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பவருக்கு அது வீட்டுக்குப் போகிறாயா என்ற கேள்வி. 41 நாள் உள்ளே இருந்த பையனிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை. ஒப்புக்கொண்டால் தண்டனை முடிந்துவிடலாம், ஆனால் குற்றவாளி என்ற பதிவு முடியாது. 24 வயதில் காவல் வேலை பார்த்தவன் அடுத்த வேலைக்கு எதைக் காட்டுவான்? வக்கீலோடு உட்கார்ந்து முழுசாகப் பேசாமல் சம்மதிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்ச நாள், அக்கா வெளியே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லுங்கள். அது எவ்வளவு பெரிய பலம் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜாமீனுக்கு: தொகையைக் குறைக்கவோ, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடவோ கேட்டு வக்கீல் புதிதாக மனுப் போட முடியும், அதை இதுவரை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 1978-ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. ஜாமீனுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்தாரர் கேட்டிருந்தார்கள். அவருடைய அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தபோது, அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர், ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே இல்லை என்ற பார்வையில், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அடுத்த வருடம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றத்துக்கு அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் பீகார் சிறைகளில் இருந்தவர்களுக்காக நடந்தது. விரைவான விசாரணையும், வசதியற்றவருக்கு இலவச சட்ட உதவியும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று அதில் சொன்னார்கள். உங்கள் நாட்டில் விதி வேறாக இருக்கலாம். ஆனால் "இந்தத் தொகையை இவரால் கட்ட முடியாது, 41 நாள் கட்ட முடியாததே அதற்கு ஆதாரம்" என்ற வாதத்தை எந்த நீதிபதி முன்னாலும் வைக்கலாம். தம்பியின் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், எத்தனை வருடமாக அதே முகவரி என்பதற்கான தாள், இவற்றை மனுவோடு சேருங்கள். ஓடிப்போக மாட்டான் என்று காட்டச் சொத்துதான் வேண்டும் என்பதில்லை.


அருள்:

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். குற்ற வழக்கு என்பதால் உங்களுக்கு ஒரு வக்கீலாவது கிடைத்தார். என்னுடையது குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு. எதிர்த் தரப்பில் இரண்டு வக்கீல்கள், என் பக்கம் நான் மட்டும். பல நாடுகளில் சிவில் வழக்குக்கு இலவச வக்கீல் உரிமையே கிடையாது, அல்லது மிகக் குறுகலாக உண்டு. இங்கிலாந்தில் 1949-ல் பெரிய அளவில் தொடங்கிய சட்ட உதவியிலிருந்து, 2012-ல் வந்த சட்டம் பெரும்பாலான குடும்ப வழக்குகளை வெளியே எடுத்துவிட்டது.

அயர்லாந்தில் திருமதி ஏரி என்பவர், கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ உத்தரவு கேட்க வக்கீல் வைக்க முடியாமல் தவித்தார். "நீதிமன்றக் கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்களே வந்து வாதாடலாமே" என்பது அரசின் பதில். 1979-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரிமை என்பது நடைமுறையில் பயன்பட வேண்டும், ஏட்டில் இருந்தால் போதாது என்றது. நான் தனியாக நின்ற அந்த நாட்களில் இந்தத் தீர்ப்பைப் படித்து அழுதிருக்கிறேன். "வந்து வாதாடலாமே" என்பதை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தாளை எப்போது நீட்ட வேண்டும் என்று தெரியாமல் என் மகளின் பள்ளிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இனி ஏற்க முடியாது என்றார்கள். உங்கள் தாள்களை எல்லாம் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் எழுத வந்தேன்.


மலர்விழி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாளாக வரவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய வக்கீலுக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வுட் வழக்கை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "முதலாளி அபராதம் கட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் கட்டலையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை.

எதிரே உள்ள கட்டடத்தின் கேமராப் பதிவு போய்விட்டது. 30 நாள்தான் வைத்திருப்பார்களாம். நான் 11 நாள் தாமதம். அந்தப் பணியாளர் தேடிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார், அதை எழுதும்போதே கை நடுங்குகிறது. கைதான மூன்றாம் நாளே ஒருவர் வந்து அதே இரவின் பதிவைக் கேட்டு, ஒரு நகல் வாங்கிப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை.

பேருந்து அட்டைப் பதிவு இருக்கிறது. 10.52-க்கு ஏறியிருக்கிறான்.


பழைய வழக்காடி:

சகோதரி, 10.52 பெரிய விஷயம். அட்டை தம்பி பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை வேறு யாராவது பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பார்கள். பேருந்துக்குள் கேமரா இருந்தால் அதையும், தம்பியின் தொலைபேசி அன்றிரவு எந்தச் செல்பேசிக் கோபுரத்தோடு இணைந்திருந்தது என்பதையும் சேர்த்து வரவழைக்கச் சொல்லுங்கள். பதிவை வாங்கிப் போனது யார் என்று அந்தப் பணியாளரிடம் பேரேடோ ரசீதோ இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். பதிவு அழிந்துவிட்டது, ஆனால் ஒரு நகல் யாரிடமோ இருக்கிறது என்பதை உங்கள் வக்கீல் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தும் அவர் மனுப் போடவில்லை என்றால், அவரை அமர்த்திய சட்ட உதவி அமைப்புக்கு வேறு வக்கீல் கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். முதலில் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கையில் தாள் கிடைத்ததும் எழுந்து நிற்கிற வக்கீல்கள் அந்தத் தாழ்வாரங்களில் நிறையப் பேர் உண்டு.


மலர்விழி:

அட்டை அவன் பெயரில்தான். புகைப்படத்தோடு உள்ள அட்டை. ரசீதுப் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டேன், கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது.

இன்று காலை வக்கீலைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். மற்ற கட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு அதைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம், "உங்கள் தம்பி பெயரை அன்றைக்குத் தப்பாகச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஜாமீன் தொகையைக் குறைக்க ஒரு மனு, பேருந்துப் பதிவுக்கு ஒரு மனு, இரண்டையும் வியாழக்கிழமை வாய்தாவில் போடுகிறார். வாடகை ஒப்பந்தத்தின் அசல் கேட்டிருக்கிறார், அம்மா பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்.